இரண்டு புள்ளி, ஒரே ஆள்

பெரியவனும் சின்னவனும் பிறந்த அன்றைக்கு இரண்டு பேராகத்தான் பிறந்தார்கள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இரண்டு பேராகவே சாப்பிட்டார்கள், இரண்டு பேராகவே காய்ச்சலில் படுத்தார்கள், இரண்டு பேராகவே கல்யாணம் செய்துகொண்டு இரண்டு மாமனார்களிடம் பேச்சு வாங்கினார்கள். யாரும் அதில் ஒரு குறையும் கண்டதில்லை. நடுவயதில்தான், அதுவும் அரசாங்கம் எடுத்துச் சொன்ன பிறகுதான், தாங்கள் ஒரே ஆள் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது.

பெரியவன் என்றதும் பத்து வயது மூத்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய அம்மா ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சை இழுக்கும் நேரம்தான் வித்தியாசம். அந்த ஒரு மூச்சை மூலதனமாக வைத்துக்கொண்டு அவன் ஆயுள் முழுக்க அண்ணன் வேலை பார்த்தான். தொழில், லிப்ட் பழுது பார்ப்பது. சின்னவன் டவுன் பஸ் ஓட்டினான். "ஒருத்தன் மேலயும் கீழயும் போறான், இன்னொருத்தன் முன்னயும் பின்னயும் போறான். சாயங்காலம் பார்த்தா ரெண்டு பேரும் புறப்பட்ட இடத்துலயேதான் நிக்கிறானுங்க" என்பாள் அம்மா.

முகம் அப்படியே அச்சு. பெரியவன் முடி வெட்டிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் சின்னவன் கடைக்குள் நுழைந்தால் முடி திருத்துபவர், "அதுக்குள்ள வளர்ந்துடுச்சா?" என்று கத்திரியைக் கீழே வைத்துவிடுவார்.

அந்தச் சின்னவனுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. கால் வீங்கியது, சோறு கசந்தது, பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தான். டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவன் ஒரு நொடியும் யோசிக்காமல் சொன்னான்: "என்கிட்ட ரெண்டு நல்லது இருக்கு. ஒண்ணை எடுத்துக்கோ."

"பழசைத் தலையில கட்டுறியா?" என்றான் சின்னவன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பெரியவன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கண் பளிச்சென்றது. ஆயிரம் அறுவைச் சிகிச்சை செய்த கை. அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். "இந்த மாதிரிப் பொருத்தம் அபூர்வம். சாதாரணமா இன்னொருத்தர் கிட்னியை வெச்சா உடம்பு அதை எதிரி மாதிரி விரட்டப் பார்க்கும். உங்க விஷயத்துல உடம்புக்கே தெரியாது, இது வேற ஆளோடதுன்னு."

உடம்புக்குத் தெரியாது என்பது நல்ல செய்தி. வேறு யாருக்கெல்லாம் தெரியாமல் போகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. பொய்ப் பெயரில் உறுப்பு விற்பவர்கள் பெருகிவிட்டதால், கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று அடையாளத் தூய்மை இயக்ககம் சரிபார்த்து ஒப்புதல் அனுப்பினால்தான் டாக்டர் கத்தியைத் தொடலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இருவர் விவரத்தையும் அனுப்பினார்கள். மறுநாளே பதில் வந்தது. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது.

'கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. போலி அடையாள மோசடி எனச் சந்தேகிக்கப்படுகிறது. இரு பதிவுகளும் முடக்கப்படுகின்றன.'

பெரியவன் அதை இரண்டு முறை படித்தான். ஏதோ எழுத்துப் பிழை, நேரில் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தான். அப்பாவி.

இயக்ககம் ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே நிற்பவர்கள் நன்றாகத் தெரிவார்கள். கூடத்தில் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில், 'நீங்கள் நீங்கள்தானா? உறுதி செய்வது எங்கள் கடமை' என்று எழுதியிருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவிடுக்கில் வந்த சத்தத்தைக் கேட்டதுமே பெரியவனுக்கு எங்கே கோளாறு என்று புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வந்த வேலையைப் பார்ப்போம் என்று கவுண்டருக்குப் போனான்.

"நீங்க முதல் பதிவா, ரெண்டாம் பதிவா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நான் அண்ணன்மா."

"அப்படி ஒரு கட்டமே இல்ல சார். முதல் பதிவா, ரெண்டாம் பதிவா?"

"முதல்ல பிறந்தவன்."

"சரி, முதல் பதிவு. நாலாவது மாடி. கோட்டு நிபுணரைப் பாருங்க."

கோட்டு நிபுணர் என்றால் கோட்டுப் போட்ட நிபுணர் என்று நினைத்துக்கொண்டு பெரியவன் படியேறினான். அவர் கோட்டும் போட்டிருந்தார் என்பது வேறு விஷயம். இயக்ககம் பெருஞ்செலவில் வாங்கி வைத்திருந்த 'வலைக்கண்' என்ற மென்பொருளை இயக்குபவர் அவர். நாட்டில் உள்ள ஒவ்வொரு ஆளும் அந்த மென்பொருளில் ஒரு புள்ளி. ஒரே முகவரி, ஒரே தொலைபேசி, ஒரே முகம் என்று எது பொருந்தினாலும் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு கோடு விழும். கோடு அதிகமானால் சிவக்கும். ரொம்பச் சிவந்தால், அது ஒரே ஆள் இரண்டு பெயரில் திரிவது என்று பொருள்.

சுவர் முழுக்க இருந்த திரையில் நிபுணர் இரண்டு புள்ளிகளைக் கொண்டுவந்தார். நடுவில் கோடுகள் அடர்ந்து, காயம் பட்ட இடத்தில் கட்டிய துணி மாதிரி ஒரே சிவப்பு.

"பாருங்க," என்றார், தன் பிள்ளை வரைந்த படத்தைக் காட்டுகிற பெருமையோடு. "ஒரே பிறந்த தேதி. ஒரே ஆஸ்பத்திரி. ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே வீடு. ஒரே பள்ளிக்கூடம். முகப் பொருத்தம் கிட்டத்தட்ட முழுசு. ஒரே ரத்த வகை. இவ்வளவு அழகா ஒரு மோசடியை நான் பார்த்ததே இல்ல."

"சார், நாங்க ரெட்டைப் புள்ளைங்க."

நிபுணர் அலுப்போடு சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு சார்?"

"ரெட்டைங்க எல்லாரும்."

பெரியவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. "அப்ப ரெட்டைப் புள்ளைங்கன்னு ஒண்ணு இருக்குன்னு இந்த மிஷினுக்குத் தெரியாதா?"

"முன்ன தெரிஞ்சிருந்துச்சு. அந்த வசதியை மோசடிக்காரங்க பயன்படுத்திக்கலாம்னு எடுத்துட்டோம்."

"விரல் ரேகை பாருங்க சார். எனக்கும் அவனுக்கும் வேற வேற."

"பார்த்தாச்சே. வேறதான்." நிபுணர் தன் கையை விரித்துக் காட்டினார். "ஒரே ஆளோட பத்து விரல்ல பத்து விதமான ரேகை இருக்கு. அதனால நான் பத்து ஆளா? உங்களுக்கு இருபது இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

பெரியவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "அவன் பஸ் ஓட்டிட்டு இருக்கும்போது நான் ஏதாவது ஒரு லிப்டுக்குள்ள இருப்பேன் சார். பஸ்ஸுலயும் கேமரா இருக்கு, லிப்டுலயும் கேமரா இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படி ஒரே ஆள் இருக்க முடியும்?"

நிபுணர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. குரலைத் தாழ்த்தினார். "அதுதான் எங்களுக்கும் கவலை. ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்திருக்கார். இது சாதாரண மோசடி இல்ல. நான் மேலிடத்துக்கு எழுதிட்டேன்."

விசாரணைக்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. இருவரும் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு, 'இரு பதிவுகளும்' என்று திருத்தியிருந்தார்கள்.

அன்றைக்குச் சின்னவனுக்கு டயாலிசிஸ் முடிந்த கையோடு நிற்கக்கூடத் தெம்பில்லை. லிப்ட் இன்னும் அப்படியேதான் கிடந்தது. "ஒரு ஸ்க்ரூட்ரைவர் குடுங்க, நானே சரி பண்ணிடறேன். எனக்கு இதான் தொழில்" என்று பெரியவன் காவலாளியிடம் கேட்டான். "உங்க அடையாள அட்டை முடங்கியிருக்கு. நீங்க மெக்கானிக்கான்னு உறுதியாகல" என்றார் காவலாளி. அவரும் பாவம், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

பெரியவன் குனிந்தான். "ஏறுடா."

"வேணாம்டா. உனக்கு மூச்சு வாங்கும்."

"உன் எடையில பாதிதான் இருக்க இப்ப. ஏறு."

சின்னவன் ஏறிக்கொண்டான். ஒவ்வொரு மாடி வளைவிலும் அண்ணன் நின்று மூச்சு வாங்க, தம்பி அவன் காதோரம், "அடுத்த ஸ்டாப்பிங், மூணாவது மாடி. இறங்குறவங்க இறங்கலாம்" என்று பஸ் குரலில் சொன்னான். சிரித்தால் பிடி தளர்ந்துவிடும் என்று பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

விசாரணை அறையில் ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். சின்னவனை அதில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவன் நின்றான். எதிரே இயக்குநர். பெருத்த மனிதர். சுழலும் நாற்காலியை அவர்களுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாங்க வந்திருக்கோம்" என்றான் பெரியவன்.

"தெரிகிறது," என்றார் இயக்குநர், திரும்பாமல். "தவறாக நினைக்க வேண்டாம். விசாரணைக்கு வருகிற ஆட்களை நான் நேராகப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்த்தால் இரக்கம் வரும், கோபம் வரும். அது பாரபட்சம். முன்பெல்லாம் இந்தத் துறையில் ஆளைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு செய்வார்கள். என்ன அறியாமை! ஆள் பொய் சொல்வான். அக்கம்பக்கம் பொய் சொல்லும். கோடு பொய் சொல்லாது. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு ஆளைக்கூட நேரில் பார்த்து முடிவு எடுத்ததில்லை. அதனால்தான் ஒரு முடிவுகூடத் தவறியதில்லை."

"தவறலன்னு எப்படிங்க தெரியும்?" என்று சின்னவன் ஈனக் குரலில் கேட்டான்.

"திரையில் சரிபார்ப்போம்."

பெரியவனுக்கு ரத்தம் கொதித்தது. "ஐயா, தயவுபண்ணி ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ரெண்டு பேரு இங்க இருக்கோம். ஒருத்தன் உக்காந்திருக்கான், ஒருத்தன் நிக்கிறான்."

"அது உங்கள் வாதம். பதிவு செய்துகொள்ளலாம்." இயக்குநர் கையை அசைத்தார். "நிபுணரே, படிக்கட்டுக் கேமரா என்ன சொல்கிறது?"

நிபுணர் திரையைத் தட்டினார். படிக்கட்டில் பெரியவன் சின்னவனைச் சுமந்துகொண்டு ஏறிய படம் வந்தது. அதன் ஓரத்தில் இயந்திரம் எண்ணிச் சொல்லியிருந்தது: 'நுழைந்தவர்: ஒருவர்.'

இயக்குநர் கண்ணை மூடி, நல்ல பாட்டைக் கேட்டவர் போலத் தலையை ஆட்டினார்.

அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். சலவை நிலையத்தில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டு ஓய்வு பெற்றவள். ஆவியில் வெந்த கை, ஆவியில் வெந்த வாய். மகன்கள், "அம்மா, கோபப்படாம பேசும்மா" என்று கெஞ்சிக் கூட்டிவந்தார்கள்.

"அம்மா, குறிப்பிட்ட தேதியில உங்களுக்கு எத்தனை பிரசவம் நடந்துச்சு?" என்றார் நிபுணர்.

"ஒரு நாள்ல எத்தனை பிரசவம் நடக்கும்? ஒண்ணுதான்."

நிபுணர் பரபரவென்று தட்டச்சு செய்தார். 'ஒரே பிரசவம்தான் என்று தாயே ஒப்புக்கொண்டார்.'

"இருய்யா, இரு. பிரசவம் ஒண்ணு, புள்ளை ரெண்டு."

"முதல்ல ஒண்ணுன்னீங்க, இப்ப ரெண்டுங்கறீங்க."

"நான் எங்கய்யா மாத்தினேன்? ஒரே வலியில ரெண்டு பெத்தேன். மொதல்ல இவன் வந்தான். அப்பாடான்னு மூச்சு விட்டேன். 'இரும்மா, இன்னொண்ணு இருக்கு'ன்னாங்க. பின்னாடியே அவன் வந்தான். எனக்கே அப்பத்தான் தெரியும்."

"அதாவது ரெண்டாவது பதிவு உங்களுக்கே எதிர்பாராதது." நிபுணர் திரையைப் பார்த்து வியந்தார். அம்மாவின் புள்ளி பெருத்துக்கொண்டே வந்தது. அதிலிருந்து இரண்டு சிவப்புக் கோடுகள் கிளம்பி மகன்களின் புள்ளிகளைத் தொட்டன. "ஐயா, இதைப் பாருங்க. மூலப்புள்ளி கிடைச்சிருச்சு. ரெண்டு அடையாளமும் இந்த ஒரே இடத்துலதான் உற்பத்தியாகியிருக்கு."

"ஆமாய்யா, நான்தான் உற்பத்தி பண்ணேன்!" அம்மா எழுந்தே விட்டாள். "பத்து மாசம் சுமந்து உற்பத்தி பண்ணேன். உங்களை எல்லாம் எங்க உற்பத்தி பண்ணாங்க? இந்தத் திரையிலயா?"

'குற்றத்தை ஒப்புக்கொண்டார். வருத்தம் தெரிவிக்கவில்லை' என்று பதிவானது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அடுத்த வாரம் அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த திருமணப் பதிவுப் பிரிவிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. இரண்டு பதிவும் ஒரே ஆள் என்றால், அந்த ஆளுக்கு இரண்டு மனைவிகள் இருக்கிறார்கள், இது குற்றம். மனைவிகள் தனித்தனியாக வந்து விளக்கம் தர வேண்டும்.

மனைவிகள் ஒன்றாகவே போனார்கள். ஒன்றாகவே பழகியவர்கள். திருமணப் பிரிவு அதிகாரி, துக்கச் செய்தி சொல்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பெரியவன் மனைவியிடம் சொன்னார்: "மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க கணவருக்கு இன்னொரு மனைவி இருக்காங்க."

"தெரியுமே. இதோ பக்கத்துல உக்காந்திருக்கா. என் ஓரகத்தி. காலையில இவதான் எனக்கு டீ போட்டுக் குடுத்தா."

அதிகாரி திகைத்து அடுத்தவளைப் பார்த்தார். "உங்களுக்கும் இது சம்மதமா?"

"டீ போடறதா? தினமும் நானேதான் போடறேன். அதைக் கொஞ்சம் எழுதிக்குங்க சார்."

"விளையாடாதீங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கும்போது யார் உங்க கணவர்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?"

பெரியவன் மனைவி யோசிக்கவே இல்லை. "சொன்ன வேலையை மறந்துட்டு வந்து நின்னா என் புருஷன். மறக்காத மாதிரி நடிச்சா இவ புருஷன்."

'ஒரே நபர் இரு விதமாக நடந்துகொள்வதை மனைவியர் இருவரும் உறுதி செய்தனர்' என்று அறிக்கை போனது. வெளியே வந்ததும் இருவரும் சிரித்தார்கள். படியிறங்கும்போது சின்னவன் மனைவி திடீரென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவங்க இப்படியே எழுதிக்கிட்டே இருந்தா அவர் தாங்க மாட்டார்க்கா" என்றாள்.

உண்மையிலேயே அவன் தாங்கவில்லை. முகம் மண் நிறமாகிவிட்டது. டயாலிசிஸ் வார்டில் நர்ஸ்கள் அவனிடம் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கும் மேலாக, அட்டை முடங்கியிருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து டயாலிசிஸுக்கும் சிக்கல் வரும் என்று பதிவறையில் சொன்னார்கள்.

"டேய் பெரியவனே," என்றான் சின்னவன் ஒரு மத்தியானம், இயந்திரத்தின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி. "பேசாம அவங்க சொல்றதை ஒத்துக்கோ. நான் இல்லைன்னு எழுதிக் குடுத்துரு. ஒரு அட்டையாவது பிழைக்கும். அம்மாவை விட்டுருவாங்க. உன் வேலை உனக்கு இருக்கும்."

"அப்ப நீ?"

"நான்தான் இல்லையே."

பெரியவன் அவனை அறைய நினைத்தான். இயந்திரத்தின் குழாய்கள் தம்பி கையில் இருந்ததால் விட்டுவிட்டான். "அந்த நாய்ங்க உன்னை இல்லைன்னு சொல்லட்டும். நீ சொல்லாதே" என்றான். வெளியே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

இறுதி உத்தரவு அந்த வாரக் கடைசியில் வந்தது. பெரியவன் அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனான். எல்லாம் ஆனை வாயில் போன கரும்புதான் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகவே வந்தான்.

டாக்டரம்மா படித்தார். 'இரு பதிவுகளும் ஒரே நபருடையவை என ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதால், அவை ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இனி அந்நபருக்கு ஒரே அட்டை. தாயின் முதிய வயதையும், இரு மனைவியரும் புகார் அளிக்காததையும் கருத்தில்கொண்டு மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. உடல் உறுப்பு வழங்க ஒப்புதல் மறுக்கப்படுகிறது: ஒருவர் தமக்குத் தாமே உறுப்பு வழங்க இயலாது.'

அவர் அந்தக் கடைசி வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பெரியவன் எழுந்தான்.

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த ஒப்புதல் எதுக்குத் தெரியுமா? ஒருத்தர் உறுப்பை இன்னொருத்தருக்கு வைக்கறதுக்கு. இன்னொருத்தர்னு ஒருத்தர் இல்லவே இல்லைன்னா?"

பெரியவனுக்குப் புரியவில்லை. அவர் தொலைபேசியை எடுத்து, பெரியவனும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து, இயக்குநரையே பிடித்தார்.

"வணக்கம் ஐயா. உங்க உத்தரவு கிடைச்சது. என் நோயாளி ஒரே ஆள்தான்னு உறுதியா எடுத்துக்கலாமா?"

"டாக்டர், உங்களுக்கும் சந்தேகமா?" இயக்குநர் குரலில் தேன் வழிந்தது. "எங்கள் துறையின் ஆகச் சிறந்த வழக்கு இது. வெளிநாட்டு மாநாட்டில் இதைத்தான் காட்டப் போகிறோம். ஒரே ஆள். அவர் இரண்டு பேர் என்று அந்தக் கடவுளே வந்து சொன்னாலும் கடவுளின் பதிவைத்தான் முதலில் பரிசோதிப்போம்."

"நல்லதுங்க. அந்த ஒரே ஆளோட கிட்னி ஒண்ணை, அவர் உடம்புலயே ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தி வைக்கணும். அதுக்கு உங்க ஒப்புதல் வேணுமா?"

"அவருடைய கிட்னி, அவருடைய உடம்பு. இடதோ வலதோ, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அதெல்லாம் மருத்துவ விஷயம். நாங்கள் தலையிட மாட்டோம்."

"இதையே ரெண்டு வரி எழுதி அனுப்பிடுங்களேன்."

"இப்போதே அனுப்பச் சொல்கிறேன்."

அனுப்பியும் விட்டார்கள். அதுபோன்ற விஷயங்களில் இயக்ககம் சுறுசுறுப்பானது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளன்னைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு வயித்தையும் வெறுமையா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக் கணினி ஒரே நோயாளிக்கு ஒரே கட்டில்தான் கொடுத்தது. தலைமை நர்ஸ் அதைப் பார்த்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இன்னொரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து முதல் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். "நோயாளி கொஞ்சம் அகலம்" என்று வார்டு ஆட்களிடம் விளக்கினார். ஒரே பெயர் எழுதிய பட்டையை இருவர் மணிக்கட்டிலும் கட்டினார்கள். காலையில் நோயாளியின் இடது பாதி ஒரு அறைக்கும் வலது பாதி அடுத்த அறைக்கும் போனது. வெளியே ஒரே பெஞ்சில் அம்மாவும் இரண்டு மருமகள்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. அதுதான் மருமகள்களுக்குப் பயமாக இருந்தது.

அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் டாக்டரம்மா ஒரே வரி எழுதினார்: 'நோயாளியின் சிறுநீரகம் பொருத்தமான இடத்துக்கு மாற்றப்பட்டது.' அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

பெரியவன் கண் விழித்தபோது விலாவில் கத்தியை மறந்து உள்ளேயே வைத்துவிட்டார்களோ என்கிற மாதிரி வலி. கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பினான். பக்கத்துக் கட்டிலில் சின்னவன். உதடு காய்ந்திருந்தது, ஆனால் அந்த மண் நிறம் விலகத் தொடங்கியிருந்தது. கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக ஏதோ நிறைந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகைக்கடையில் நிற்பவர் மாதிரி ரசித்துக்கொண்டிருந்தார்.

"வந்த வேகத்துல வேலைக்கு இறங்கிடுச்சு" என்றார்.

"என் வீட்டு ஆளு" என்றான் பெரியவன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

உடம்பு நன்றாகவே தேறியது. ஒரு சங்கடம் சாப்பாட்டில். ஒரு நோயாளிக்கு ஒரு தட்டு. சூப்பும் ரொட்டியும் முதலில் சின்னவனிடம் போய்விடும். பெரியவன் கேட்டால் சமையலறை ஆள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்க சாப்ட்டாச்சே" என்பார். மருமகள்கள் பாத்திரத்தில் கொண்டுவந்து அந்தப் பாதியையும் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், வழக்கை முறைப்படி மூடுவதற்காகக் கோட்டு நிபுணரே வார்டுக்கு வந்தார். கோட்டு, கையில் தட்டைக் கணினி, பின்னால் படம் எடுக்க ஒரு ஆள். மாநாட்டில் காட்ட வேண்டுமாம். இரண்டு கட்டில், இரண்டு ஆள், இரண்டு கட்டு. இந்த மனிதன் கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும்? சின்னவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். தலைமை நர்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

நிபுணர் கட்டில்களுக்கு எதிரே வந்து நின்று, தட்டைக் கணினியைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு புள்ளி. அழகான, அமைதியான பச்சைப் புள்ளி. அவர் முகம் கனிந்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "பிரச்சினை எல்லாம் தீர்ந்து, இப்ப எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க. எங்க மேல கோபம் இருந்திருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இனிமே நீங்க யாருங்கற குழப்பமே உங்களுக்கு வராது. சீக்கிரம் குணமாகணும்."

கையை நீட்டினார். பெரியவனை நோக்கியும் இல்லை, சின்னவனை நோக்கியும் இல்லை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நோக்கி நீட்டினார். அங்கே யாரும் கையைப் பிடிக்கவில்லை. காற்றில் தானே இரண்டு முறை குலுக்கிக்கொண்டு, படம் எடுக்கிறவரைப் பார்த்துப் புன்னகைத்து, கிளம்பிப் போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை யாரும் அசையவில்லை.

"யாருக்குடா கை குடுத்தான்?" என்றான் சின்னவன்.

"உனக்குன்னு நெனச்சேன்."

"நான் உனக்குன்னு நெனச்சேன்."

முதலில் பெரியவனுக்குத்தான் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்துச் சின்னவனும், அவர்களைப் பார்த்து வாசலில் நின்ற நர்ஸும். சிரிக்கச் சிரிக்க விலாவில் சுள்ளென்று இழுத்தது. பெரியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நிறுத்துடா, தையல் பிரிஞ்சிடும்" என்று அலறினான். சின்னவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நீ நிறுத்துடா மொதல்ல" என்று கத்தினான். அட்டை ஒன்று, பட்டை ஒன்று, திரையில் புள்ளியும் ஒன்றுதான். ஆனால் தையல் இருவருக்கும் தனித்தனியாகத்தான் வலித்தது.